நிலத்தை வகுப்பவர் யார்?

(சென்னையின் தென்புறநகர்ச் சிற்றூர் ஒன்றில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நிலத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். தமிழன் நிற்க இடமிருந்தாலன்றோ தமிழ் நிற்கும்? அந்த இடம் நம் காலடியிலேயே கைமாறிக்கொண்டிருக்கையில் சொல்லாக்கம் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

'வளர்ச்சி' என்னும் சொல்லை இன்று எல்லாரும் ஆள்கின்றனர். மரம் வளர்கிறது என்கிறோம். குழந்தை வளர்கிறது என்கிறோம். உடம்பில் கட்டி தோன்றினாலும் வளர்ந்திருக்கிறது என்றுதான் மருத்துவர் சொல்கிறார். எது வளர்கிறது, எதைத் தின்று வளர்கிறது என்று கேளாமல் அச்சொல்லுக்குக் கை தட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகர்ப்புறத்தினர். அவர்கட்கு வீடு வேண்டும், வேலை வேண்டும், சாலை வேண்டும். அதை மறுக்க நான் வரவில்லை. எந்த நிலத்தில் வீடு, எந்த நிலத்தில் பயிர், எந்த நிலத்தில் நீர் என்பதை யார், எப்பொழுது வகுப்பது என்பதே என் கேள்வி.

நாம் கூடியிருக்கும் இந்தச் செங்கற்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தினின்று பிரிக்கப்பெற்றது. செங்கழுநீர் பூத்த ஊர் என்பதால் செங்கழுநீர்ப்பட்டு என்றாகிப் பின் செங்கற்பட்டு ஆயிற்று என்பர். பெயராய்வு எதுவாயினும் ஆகுக. இது ஏரிகளின் மாவட்டம் என்பதில் ஐயமில்லை. பேராறு ஏதும் ஆண்டு முழுதும் ஓடாத இந்த மண்ணில் நெல் விளைந்தது ஏரியால்தான்.

ஏரி என்றால் நீர் நிறைந்த பள்ளம் என்று நகரத்தார் எண்ணுகின்றனர். அது தவறு. மழைநீர் வடிந்துவரும் மேட்டுநிலம், அந்நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், தேக்கி நிற்கும் கரை, வயலுக்கு விடும் மதகு, மிகுநீரை வெளியேற்றும் கலங்கல், அம்மிகுநீரை அடுத்த ஊர் ஏரிக்குச் சேர்க்கும் போக்குக்கால், அதற்கும் கீழே நஞ்சை, இவை அனைத்தும் சேர்ந்ததே ஏரி. ஓர் உடம்பின் உறுப்புகள் போன்றவை இவை. வரத்துக்காலை மட்டும் ஒருவன் தூர்த்து மனையாக்கிவிட்டால், ஏரியின் கரையில் ஒரு கைம்மண்ணைக்கூட அவன் தொட்டிருக்க மாட்டான். ஆயினும் ஏரி செத்துவிடும். பின்னர் அலுவலர் ஒருவர் வந்து பார்த்து, 'நீர் வருவதில்லை. பயனின்றிக் கிடக்கிறது' என்று எழுதுவார். பயனற்ற நிலம் என்று ஏட்டில் ஏறியபின் அங்கே பேருந்து நிலையமும் வரும்; வீட்டு வாரியக் குடியிருப்பும் வரும். இப்படித்தான் ஏரிகள் போயின. இரவோடிரவாகத் திருடப்பட்டவை சிலவே. எழுதி எழுதிக் கொல்லப்பட்டவையே மிகப்பல.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். மாடம்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகுநீர் அங்கே வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலில் கலக்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட, பாதி நீரும் பாதி நிலமுமான அத்தகு இடத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் கழுவெளி. வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கடலுக்கு விடுவது அதன் தொழில். ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர் பரந்திருந்தது அது. வரித்தண்டல் கணக்கனுக்கோ அது வரி தராத வெற்றுச் சதுப்பு. எனவே சென்னையின் குப்பை பெருங்குடிப் பக்கம் அதன் தலையில் கொட்டப்பட்டது. சாலை அதனை அறுத்துக்கொண்டு போயிற்று. தொடர்வண்டிப் பாதை போயிற்று. அரசின் நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் எழுந்தன. பழைய மாமல்லபுரச் சாலையில் கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. 2007இல் எஞ்சியதில் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பெற்றது. 2022இல் 1,247 எக்டேர் பரப்பு உலக ஈரநிலப் பட்டியலான இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நல்ல செயல்களே. ஆனால் வெள்ளம் அவற்றிற்காகக் காத்திருக்கவில்லை. 2015 திசம்பரில் வந்தது. மிக்சாம் புயலோடு 2023 திசம்பரில் மீண்டும் வந்தது. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் மாடியில் நின்று பாற்பொட்டலத்திற்குக் கை நீட்டியவர் பலர், வாழ்நாள் ஈட்டத்தையெல்லாம் கொட்டி, தாம் வாங்கும் மனை நீரின் படுக்கை என்று அறியாமல் வாங்கியவர்கள். அவர்களை நான் குறைகூற மாட்டேன். நீரின் படுக்கையை மனை என்று விற்க விட்டது எது?

சட்டம் இல்லாமலா? இருந்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டினது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1974இல் சட்டமுறை அமைப்பாயிற்று. 1970களின் நடுவில் முதல் முழுமைத் திட்டம். 2008இல் இரண்டாம் முழுமைத் திட்டம். படங்களில் பச்சை வண்ணம் பூசி வேளாண் நிலம் என்று எழுதினார்கள். ஆனால் அதே சட்டத்தில் பின்னர் ஒரு வழி வெட்டப்பட்டது. விதி மீறிய கட்டடங்களைப் பணம் பெற்றுக்கொண்டு முறைப்படுத்த 1990களின் இறுதியில் 113-அ என்னும் பிரிவு நுழைந்தது. ஒப்புதல் பெறா மனைகளைப் பத்திரம் பதியலாகாது என்று 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபொழுது, எல்லாம் சரியாகிவிடும் என்று மகிழ்ந்தோம். 2017இல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றன. ஏமாந்து வாங்கிய ஏழைக்கு அதனால் ஓர் ஆறுதல் கிடைத்தது உண்மை. ஆனால் கூறுபோட்டு விற்ற வணிகன் கற்ற பாடம் வேறு. முதலில் மீறு, பின்னர் கட்டு என்பதே அது. முறையாகப் படம் கொடுத்து, சாலைக்கும் பூங்காவிற்கும் இடம் விட்டு விற்றவன் ஊரார் கண்ணுக்கு ஏமாளியாகிப் போனான்.

இன்னொன்று. முழுமைத் திட்டத்தை யாரும் ஒரே நாளில் கிழிப்பதில்லை. நிலப்பயன்பாட்டு மாற்றம் என்று ஒரு விண்ணப்பம், ஒரு புல எண், ஒரு கையெழுத்து. அடுத்த கிழமை பக்கத்துப் புல எண். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் பச்சை வண்ணம் படத்தில் மட்டும் இருக்கிறது.

இதை வேறு வகையில் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடிந்த ஓர் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனுக்கு வடக்கே, மேரிலாந்து மாநிலத்தில், மாண்டுகோமரி என்றொரு கவுண்டி உண்டு. கவுண்டி என்பது நம் மாவட்டத்திற்கு ஒப்பானது; ஆனால் நிலத்தை வகுக்கும் உரிமை அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த கவுண்டி மன்றத்தின் கையில் இருக்கிறது. வளரும் தலைநகரொன்றின் வாசலில் கிடக்கும் உழவு நிலம் என்ற அளவில் அதன் நிலைமையும் செங்கற்பட்டின் நிலைமையும் ஒன்றே. 1950இல் அங்கே 1,64,000 பேர் வாழ்ந்தனர். 1970இல் 5,22,000 பேர். இருபதே ஆண்டுகளில் மும்மடங்கு! சாலை ஓரமெல்லாம் வீடு முளைத்தது.

1964இலேயே அவர்கள் ஒரு பொதுத்திட்டம் வரைந்தார்கள். போக்குவரத்துப் பாதைகளை ஒட்டி ஊர்கள் நெருங்கி வளரட்டும். பாதைகட்கு இடைப்பட்ட நிலம் ஆப்பு வடிவில் பசுமையாகக் கிடக்கட்டும் என்பது அதன் கருத்து. படம் அழகாக இருந்தது. உழவு நிலமோ தொடர்ந்து குறைந்தது. 1970களின் முற்பகுதியில், ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்று விதி செய்தார்கள். அதுவும் பயன்படவில்லை. செல்வர்கள் ஐந்தைந்து ஏக்கராக வாங்கி மாளிகை கட்டினர். நிலம் துண்டு துண்டாயிற்று. பிறகு 1980இல் துணிந்து ஒரு முடிவெடுத்தனர். கவுண்டியின் மூன்றிலொரு பங்கு, ஏறத்தாழ 93,000 ஏக்கர், வேளாண் காப்பு நிலமாக வகுக்கப்பெற்றது. அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான்.

உழவன் சும்மா இருப்பானா? 'என் நிலத்தின் விலையை ஓர் எழுத்தால் குறைத்துவிட்டீர்களே' என்றான். அவன் கேட்டது முறைதானே? நாட்டுக்கு நெல்லும் காற்றும் வேண்டும் என்பதற்காக அவன் ஒருவன் மட்டும் ஏன் இழக்கவேண்டும்? இங்கேதான் அவர்கள் ஒரு நல்ல வழி கண்டார்கள். பழைய கணக்கில் அவனுக்கிருந்த கட்டும் உரிமையை, ஐந்து ஏக்கருக்கு ஒன்று என எண்ணி, அவன் கையில் கொடுத்தார்கள். நூறு ஏக்கர் உழவனுக்கு 20 உரிமை. அவன் நிலத்தில் நான்கு வீடுதான் கட்டலாம்; அந்த நான்குக்கான உரிமையை வைத்துக்கொண்டு எஞ்சிய 16 உரிமைகளை விற்கலாம். வாங்குபவன் யார்? நகர்ப்பக்கம், வளர்ச்சிக்கென்று குறிக்கப்பட்ட இடத்தில் வீடு கட்டுபவன். உழவனிடம் உரிமை வாங்கினால் அவன் தன் மனையில் கூடுதலாக வீடுகள் கட்டிக்கொள்ளலாம். ஆக, அரசு கருவூலத்தைத் திறக்காமலே, வளர்ச்சியால் ஈட்டுபவன் பணம் வளர்ச்சியைத் தன் நிலத்தினின்று விலக்கியவன் கைக்குப் போயிற்று. உரிமை விற்ற நிலம் விற்றதாகவே பத்திரத்தில் பதியப்படும். மகனோ பேரனோ அதை மீண்டும் விற்க இயலாது.

எல்லாம் இனிதே நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கூடுதல் வீடுகள் வரவிருந்த பகுதியினர் எதிர்த்தனர். 1987இல் மாநிலத்தின் மேல் நீதிமன்றம் நடைமுறையில் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட, விதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. காப்பு நிலத்தில் உணவுப் பயிரைவிடக் குதிரைப் பண்ணைகள் பெருகின என்ற குறையும் உண்டு. வீட்டு விலை ஏறும் என்பதை முன்னுணர்ந்து, பெரிய குடியிருப்புகளில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வருவாயினர்க்கு ஒதுக்கவேண்டும் என்று 1974 முதலே சட்டம் வைத்திருந்தனர். ஆயினும் விலை ஏறவே செய்தது. அன்றியும், வெள்ளையர் அந்த மண்ணைப் பிசுகாட்டவே போன்ற பழங்குடியினரிடமிருந்து பறித்துக்கொண்டவர்கள். அடிமைகளைக் கொண்டு புகையிலை பயிரிட்டவர்கள். அவர்களை அறவோர் என்று நான் இங்கே போற்றவில்லை. 2020 கணக்கில் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 10,62,000. பத்து நூறாயிரத்திற்கு மேற்பட்ட மக்களும் வாழ்கின்றனர், மூன்றிலொரு பங்கு நிலமும் வீட்டுமனையாகாமல் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் பாருங்கள். மனைவிலை விண்ணைத் தொடுமுன் கோடு போட்டார்கள். போட்ட கோட்டை விலை பேசவில்லை. நாமோ விலை ஏறியபின் கோடு போடுகிறோம். போட்ட கோட்டுக்கும் கட்டணம் வைத்திருக்கிறோம்.

நம்மவர்க்கு இந்த அறிவு புதிதா? தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கைப் பாருங்கள். ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதினின்று ஊர்நத்தம், குளம், ஊடே செல்லும் வாய்க்கால், சுடுகாடு எனப் பொதுநிலங்களையெல்லாம் கழித்து, எஞ்சியதற்கே வரி விதித்திருக்கிறார்கள். வரியில்லாத நிலம் என்றால் பயனில்லாத நிலம் என்று அவர்கள் கருதவில்லை. எல்லார்க்கும் பயன்படுவதால்தான் அதற்கு வரியில்லை. இதே வட்டாரத்து உத்தரமேரூரில், 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே ஒரு குழு இருந்ததைக் காட்டுகின்றன. உடனே குடவோலை, மக்களாட்சி என்று மார்தட்ட வேண்டா. அது பார்ப்பனர் அவை. நிலமும் வேதக்கல்வியும் உடையவனே அதில் அமரலாம். சேற்றில் இறங்கி உழுதவனுக்கு அங்கே இடமில்லை. தஞ்சைக் கல்வெட்டு கழித்துக்காட்டும் நிலங்களுள் பறைச்சேரியும் தனியாகவே நிற்கிறது. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர் அம்மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுத, மறு ஆண்டில் அவர்கட்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். அதுவும் மனைவணிகத்தின் வாயில் எவ்வளவு போயிற்று என்பதை இங்கிருக்கும் முதியோர் என்னைவிட நன்கு அறிவர். எனவே பழையதை அப்படியே மீட்போம் என்று நான் சொல்லவில்லை. ஏரியைப் பேணத் தனிக்குழு வேண்டும் என்ற அறிவை எடுத்துக்கொள்வோம். அக்குழுவில் யார் அமரலாம் என்று வைத்த வேலியைத் தூக்கி எறிவோம்.

இவ்விடத்தில் சொல்லைப் பற்றியும் ஒரு செய்தி. புறம்போக்கு என்ற சொல்லை இன்று சென்னையில் வசையாக வழங்குகின்றனர். வரிக்கணக்குக்குப் புறமாகப் போன நிலம் என்பதே அதன் பொருள். அதாவது ஊர் முழுமைக்கும் உரியது. ஊர்ப்பொதுச் செல்வத்தின் பெயர் வசைச்சொல்லாகிவிட்டது. அதன்பின் அந்நிலத்தைக் கவர்பவனைப் பார்த்து யாருக்குக் கூச்சம் வரும்? மேய்க்கால், தாங்கல், ஏந்தல், கழுவெளி, களம், தோப்பு, நத்தம் என்ற நம் சொற்கள் ஒவ்வொன்றும் இந்த நிலம் இதற்குத்தான் என்று சொல்லிக்கொண்டு நிற்பவை. பழவந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயரில் இன்னும் ஒரு தாங்கல் இருக்கிறது, பெயரில் மட்டும். இப்பொழுது வரும் மனைப்பிரிவுகட்கு என்ன பெயர்? 'லேக் வியூ' என்கிறார்கள். ஏரியைத் தூர்த்த மண்மேல் நின்றுகொண்டு எந்த ஏரியைப் பார்ப்பது?

நம் இயக்கத் தோழர்கள் சிலர் எல்லாவற்றிற்கும் தில்லியைக் கைகாட்டுவர். பரந்தூரைப் போல, 2022இல் வானூர்தி நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டு, ஏகனாபுரத்து மக்கள் தம் ஏரியையும் வயலையும் காக்க எழுந்த இடத்தில், தில்லிக்கும் பங்குண்டு. ஆனால் பொதுவாக நிலம் இந்திய அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஏரிக்கரையில் ஒப்புதல் வழங்கியவர் தில்லிக்காரர் அல்லர். நம் வாக்கைப் பெற்று, தமிழிலேயே மேடையில் முழங்கிய நம்மவரே. காவிரிப் படுகையைக் காப்பு வேளாண் மண்டலமாக்கி 2020இல் சட்டம் செய்ய இதே மாநிலத்தால் முடிந்தது. அச்சட்டமும் குறித்த சில தொழில்களையே தடுக்கிறது, மனைப்பிரிவைத் தடுக்கவில்லை. 1992இன் அரசியலமைப்புத் திருத்தம் மாவட்டத் திட்டக்குழு வேண்டும் என்கிறது. ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒன்றிணைத்து மாவட்டத்தின் வளர்ச்சியை வகுக்க வேண்டிய குழு அது. நிலத்தை வகுக்கும் மெய்யான உரிமையோ இன்றும் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமும், அதாவது தலைநகரில், இருக்கிறது. தில்லியிடம் தன்னுரிமை கேட்கும் சென்னை, அதே உரிமையைச் செங்கற்பட்டுக்கும் திருப்போரூருக்கும் கொடுக்க ஏன் தயங்குகிறது?

இதை நான் இப்பொழுது சொல்வதற்குக் கரணியம் உண்டு. 1,189 சதுரக் கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பரப்பு 2022 அக்டோபரில் 5,904 சதுரக் கிலோமீட்டராக விரிக்கப்பெற்றது. ஏறத்தாழ ஐந்து மடங்கு! செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிகளும் நஞ்சைகளும் மட்டுமல்லாமல், அரக்கோணம் பக்கத்து ஊர்களும் அதனுள் வந்துவிட்டன. அவற்றில் பல இன்னும் ஊராகவே இருக்கின்றன. மனைவிலை இன்னும் முழுதும் ஏறிவிடவில்லை. மாண்டுகோமரி 1980இல் நின்ற இடத்தில் அந்த ஊர்கள் இன்று நிற்கின்றன.

ஊரமைப்புச் சட்டப்படி ஒரு முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால் மறுப்பும் கருத்தும் எழுதித்தர மக்கட்குக் குறைந்தது இரண்டு திங்கள் கொடுக்கவேண்டும். இரண்டு திங்களில் யார் எழுதுவார்? விண்ணப்பம் எழுத ஆள் வைத்திருக்கும் மனைவணிகர் எழுதுவார். உழவன் அறியுமுன் நாள் கடந்துவிடும். ஆகவே வரைவு வரும்வரை காத்திராதீர்கள். இங்கு வந்திருக்கும் இளைஞர்கள் ஊருக்கு இருவராக வட்டாட்சியர் அலுவலகம் சென்று 'அ' பதிவேட்டின் படியையும் ஊர்ப்படத்தையும் வாங்குங்கள். ஏரி, தாங்கல், குளம், வரத்துக்கால், போக்குக்கால், மேய்க்கால், களம், பஞ்சமி நிலம் ஒவ்வொன்றின் புல எண்ணையும் தமிழில் எழுதுங்கள். முதியோர் ஒருவரை உடனழைத்துக் கால் வழியே நடந்து பாருங்கள். ஏட்டில் இல்லாத வாய்க்கால் அவர் நினைவில் இருக்கும். அதையும் எழுதுங்கள். கிராம சபை என்று அரசு எழுதும் ஊரவை சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடுகிறது. அந்தப் பட்டியலை அங்கே படித்து, இவை எக்காலத்தும் மனையாகா என்றும், வரைவுத் திட்டம் எங்கட்குத் தமிழில் வேண்டும் என்றும் முடிவெழுதிக் கையொப்பமிடுங்கள். சேரியும் ஊரும் ஒரே தாளில் கையொப்பமிட வேண்டும். தனித்தனித் தாள் வேண்டா. ஒரு படி மாவட்ட ஆட்சியர்க்கு, ஒரு படி பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திற்கு, ஒரு படி ஊராட்சி அலுவலகச் சுவருக்கு.

பதிவேட்டுப் படி வாங்க விண்ணப்பம் எப்படி எழுதுவதென்று அறியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள்; எழுதிக் கொடுக்கிறோம்.